சந்தனம் வைத்த நான்கு டிஸ்க்குகள்

நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, நம் ஜீவனஹள்ளி வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? குளிர் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வீர்கள். இளஞ்சூடாக இருக்கும். "அப்பா, சாமிக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?" என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். "சாமிக்கு இல்லம்மா, உங்கம்மாவுக்கு" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல அப்போது நேரமில்லை. இப்போது எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்து டிகிரி வாங்கியவள். நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தவன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அவள் படிப்பதைக் கேட்டால், அர்த்தம் பாதி புரியாவிட்டாலும், நின்று கேட்கத் தோன்றும். அந்தக் குரலைக் கண் தெரியாத மாணவர்களுக்குக் கொடுத்தாள். அவர்களுடைய பாடப் புத்தகங்களை வரி விடாமல் படித்துப் பதிவு செய்வாள். முதலில் கேசட்டில், அப்புறம் கம்ப்யூட்டரில். உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உள்ளறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் படிப்பாள். எதிரே வெல்டிங் கடையில் சத்தம் கிளம்பினால் அந்த வரியை மறுபடி படிப்பாள். கீரைக்காரம்மா கத்தினால் மறுபடி. மூன்று வருஷம் இப்படிப் படித்துச் சேர்த்தது அத்தனையும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது.

அவளிடம் பாடம் வாங்கியவர்களில் நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு பெண்ணை உங்களுக்கும் தெரியும். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, யார் துணையும் இல்லாமல் வருவாள். வந்ததும் "அண்ணா, வீட்ல காபி டிக்காஷன் இறங்கற வாசனை வருது, எனக்குந்தானே?" என்பாள். தபால் வழியில் பி.ஏ. எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாப் பேப்பரும் பாஸ், பொருளாதாரம் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. புத்தகத்தை முழுதாக யாரும் படித்துக் காட்டாததுதான் காரணம். மூன்றாவது தடவைதான் கடைசி. அதோடு அவளுக்கு டிகிரி முடிக்கக் கொடுத்த வருஷக் கெடு தீர்கிறது. தவறினால் பாஸ் செய்த பேப்பர்கள்கூடச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அந்தத் தடிப் புத்தகத்தை இரண்டு மாதமாகப் படித்து முடித்திருந்தாள். சி.டி. போடவேண்டியதுதான் பாக்கி.

பெட்டி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு கன்னட இன்ஜினியர் இருந்தார். நல்ல மனுஷர். எல்லாரையும் "குரு" என்றுதான் கூப்பிடுவார்; சும்மா என்பதற்குத் தமிழ் பேசும்போதும் "சும்னே"தான் வரும். ஒரு சி.டி. கீறல் விழுந்து அம்மாவின் ஒரு புத்தகமே போய்விட்டது என்று நான் வருத்தப்பட்டபோது, "குரு, ஒரே டிஸ்க்கை நம்பி யாராவது இருப்பாங்களா?" என்று சொல்லி, கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரில் நான்கு ஹார்டு டிஸ்க் மாட்டி, அவற்றைச் சேர்த்துக் கட்டி மேய்க்க ஒரு கார்டும் போட்டு, பழைய ஸ்க்ரீனும் கீபோர்டும் சேர்த்துத் தந்தார். அம்மா பதிவு செய்யும் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக எல்லாம் இந்தப் பெட்டிக்கு வந்து சேரும். ஐந்தாவதாக ஒரு புது டிஸ்க்கையும் வாங்கி வைக்கச் சொன்னார். லாரியின் மாற்றுச் சக்கரம் மாதிரி, அதை நாங்கள் ஸ்டெப்னி என்போம்.

நான்கு டிஸ்க் எதற்கு என்று எனக்குப் புரியவைக்க அவர் ஒரு கூட்டல் கணக்குப் போட்டார். மூன்று, ஐந்து, நான்கு, கூட்டினால் பன்னிரண்டு. மூன்று எண்ணையும் மூன்று டிஸ்க்கில் எழுதி, கூட்டின பன்னிரண்டை நான்காவதில் எழுதிவிட்டால், ஐந்து அழிந்துபோனாலும் பன்னிரண்டிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதை எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு எண் அழிந்தால் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. பெட்டி செய்வதும் இதுதான். ஒரு டிஸ்க் செத்தால் பரவாயில்லை. இரண்டாவது போனால் மூன்று வருஷமும் போச்சு.

இனி நான் செய்த தப்பு.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் நாங்கள் மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். எத்தனையோ வருஷப் பழக்கம். வீட்டில் அம்மாவுக்காக உழைக்கிற மிஷினுக்கு வைக்காமல் இருப்பேனா? பெட்டிக்கு வெளியே பொட்டு வைத்து முடித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, நான்கு டிஸ்க்கையும் உருவி வெளியே எடுத்து, வேஸ்ட் துணியால் துடைத்து, வரிசையாகப் பலகையில் வைத்தேன். உங்கம்மா வாசலில் மாவிலை கட்டிக்கொண்டே, "ஏங்க, மேலால ஒரு பொட்டு வெச்சா போதாதா? சாமி மூடியத் தொறந்து பாக்குமா?" என்றாள்.

"மோட்டாருக்கு வைக்கறப்ப கவருக்கு மேலயா வைக்கிறோம்? பாடிக்குதான் வைக்கணும்" என்றேன்.

தகடு வழவழவென்று இருந்ததால் சந்தனம் வழுக்கியது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் சந்தனம் நன்றாகப் பிடித்தது. தாராளமாகவே அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்காமல், எந்த ஒயர் எட்டியதோ அதை மாட்டி மூடிவிட்டேன். மறுபடி போட்டதும் பெட்டி ஒழுங்காக ஓடியது. சாமி கும்பிட்டதால் ஓடுகிறது என்று எனக்குப் பெருமை.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு வார விடுமுறை. நீங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அலமாரியிலிருந்து பீப், பீப் என்று ஒரு சத்தம். அம்மா அன்றைக்குத்தான் பொருளாதாரத்தைச் சி.டி.யில் ஏற்ற உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்ஜினியர் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கு குரு?"

"ரெண்டாம் நம்பர் டிஸ்க் ஃபெயில்னு போட்டிருக்கு சார். பக்கத்துலயே நீளமா ஒரு நம்பரு."

"அது அந்த டிஸ்க்கோட சீரியல் நம்பர். டிஸ்க்கு மேல ஸ்டிக்கர்ல அதே நம்பர் இருக்கும். பெட்டிய ஆஃப் பண்ணு, நம்பரப் பாத்து அந்த ஒண்ண மட்டும் எடு, ஸ்டெப்னிய மாட்டு. அவ்ளோதான். சும்னே வேற எதையும் தொட்டுடாத, கேட்டியா?"

"ஸ்டிக்கரா சார்?"

"ஆமா, வெள்ளை ஸ்டிக்கர். ஏன்?"

அதற்குள் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சந்தனக் கதையைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

பெட்டியை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். நான்கு டிஸ்க்கும் நான்கு நெற்றி மாதிரி சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. சந்தனம் காய்ந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் தேய்த்தேன். சந்தனம் வந்தது, அதோடு எழுத்தும் வந்தது. இரண்டில் நம்பர் சுத்தமாகப் போய்விட்டது. மற்ற இரண்டில் குங்குமக் கறைக்குள் நாலா ஒன்பதா என்று தெரியாத இரண்டு மூன்று எழுத்துகள்தான் மிஞ்சின. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டாம் நம்பர்னா மேலருந்து ரெண்டாவதுதான்" என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, அதை உருவினேன். அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிப் பெட்டியைப் போட்டேன்.

கார்டு எழுந்து எழுத்துகளைக் காட்டியது. இப்போது சிவப்பில் இரண்டு வரி. நான் உருவியது நல்ல டிஸ்க்; பூஜையன்று நான் இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். ஏற்கெனவே ஒன்று செத்திருக்கிறது. நல்லதில் ஒன்றை நானே வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். நாலில் இரண்டு இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என். மிஷின் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய கை எனக்கு. ஒய்யின் மேல் விரலை வைத்துவிட்டேன். அழுத்தவில்லை, வைத்துத்தான் இருந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடுங்க. இன்னா கேக்குதுன்னு படிச்சீங்களா?"

"புதுசா செட் பண்ணட்டுமான்னு கேக்குது."

"இனிஷியலைஸ் பண்ணட்டுமான்னு கேக்குது. அப்பிடின்னா எல்லாத்தையும் துடைச்சிட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கறதுங்க. என் மூணு வருசத்த துடைக்கவாங்க கேக்குது?"

விரலை எடுத்தேன். என் அழுத்தலுக்கும் அவள் மூன்று வருஷத்துக்கும் நடுவில் ஒரு அரை விநாடி இருந்திருக்கும். இன்றைக்கும் சில சமயம் அதை நினைத்தால் எனக்கு வேர்க்கும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நீலசந்திராப் பெண். அம்மா எடுத்து, மறைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். பிறகு என்னிடம் ரிசீவரைக் கொடுத்தாள்.

"என்னண்ணா, என் பாடத்துக்கே பொட்டு வெச்சிட்டீங்களாமே?" என்றது போன். ஆபரேட்டர் குரல், பிசிறே இல்லை. "நல்லவேளை, மாலை போடல."

"பயப்படாதம்மா. எடுத்துடலாம்."

"நான் பயப்படலண்ணா. சரி, பயந்துட்டேன்னு வெச்சிக்கோங்க. ஆனா உங்க கிட்ட சொன்னா உங்களுக்குக் கை ஆடும். அதனால பயப்படல. நாளைக்கு வரேன்."

வைத்துவிட்டாள். கம்பெனியில் ஒரு மிஷின் நம் கையால் கெட்டால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக எதைத் தொட்டோமோ, அதைத் தொடுவதற்கு முன்னால் இருந்தபடி வைப்போம். புது யோசனை எதுவும் பண்ண மாட்டோம். இங்கேயும் அதையே செய்தேன். கேள்விக்கு 'என்' அழுத்தினேன். பெட்டியை நிறுத்தினேன். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, உருவிய டிஸ்க்கை அதே இடத்தில், அதே ஒயரில் மாட்டினேன். அம்மாவைப் பார்த்தேன்.

"போடுங்க" என்றாள்.

போட்டேன். சிவப்பு ஒரே வரியாகக் குறைந்தது. பீப் சத்தம் மறுபடி வந்தது. எனக்கு அது கோயில் மணி மாதிரி இருந்தது. காலையில் இருந்த நிலைமைக்கே திரும்பிவிட்டோம்: ஒன்று செத்தது, மூன்று உயிரோடு. அம்மா உள்ளறைக்கு ஓடினாள். "இருக்குங்க! ஃபோல்டர் இருக்கு!" அடுத்த நிமிஷமே பொருளாதாரப் புத்தகத்தைத் தன் கம்ப்யூட்டருக்குக் காப்பி போட ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருந்தது. மற்றதெல்லாம் இந்தப் பெட்டியை நம்பித்தான் கிடந்தது.

மறுபடி அதே கேள்வி. நாலில் செத்தது எது?

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. மோட்டாரில் எந்தப் பேரிங் போயிற்று என்று திறக்காமல் கண்டுபிடிக்க, நாங்கள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்போம். உள்ளே நடப்பது அத்தனையும் தலைக்குள் கேட்கும். அம்மா காப்பி எடுக்கும்போது உயிரோடு இருக்கும் மூன்று டிஸ்க்கும் வேலை செய்தாக வேண்டும். செத்ததைக் கார்டு ஒதுக்கிவிட்டது. அதற்கு வேலை கிடையாது. வேலை செய்கிறவன் சத்தமும் சும்மா இருக்கிறவன் சத்தமும் ஒன்றாகவா இருக்கும்?

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, மேல் டிஸ்க்கின் விளிம்பில், சர்க்யூட் பக்கம் படாமல், பூப்போல வைத்துக் கேட்டேன். அடியில் ஒரே சீராக ஒரு ரீங்காரம். அதற்குமேல் கிறுகிறுவென்று, நெல்லில் எலி ஓடுகிற மாதிரி. வேலை நடக்கிறது. இரண்டாவது: அதே எலி. நான் காலையில் உருவியது இந்தப் பாவிதான். மூன்றாவது: ரீங்காரம் மட்டும். எலி இல்லை. எப்போதாவது ஒரு முறை 'டிக்'. நான்காவது: எலி.

ஆனால் ஒரு தடவை ஏமாந்தவன் நான். "ஏம்மா, காப்பிய கொஞ்சம் நிறுத்தேன், ஒரு டெஸ்ட் பண்ணணும்" என்று குரல் கொடுத்தேன்.

"நிறுத்த மாட்டேன்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "மொதல்ல அந்தப் புள்ளயோட பாடம் பத்திரமா வரட்டும். அப்புறம் நீங்க டெஸ்ட்டு பண்ணுங்க, டாக்டர் வேலையும் பண்ணுங்க."

சரியான பேச்சு. காத்திருந்தேன். பாடம் முழுவதும் வந்து சேர்ந்தது. முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் ஓடவிட்டுக் கேட்டாள். அதன்பிறகுதான் என் பக்கம் வந்தாள்.

"சொல்லுங்க டாக்டர்."

"நான் 'ஓட்டு'ன்னா ஏதாவது ஒரு பழைய புத்தகத்தக் காப்பி போடு. 'நிறுத்து'ன்னா நிறுத்து."

ஓட்டு, நிறுத்து, ஓட்டு, நிறுத்து. ஏழெட்டுத் தடவை. ஓட்டினால் மூன்றில் எலி ஓடியது. நிறுத்தினால் நான்கும் ஒரே ரீங்காரம். மேலிருந்து மூன்றாவது டிஸ்க் ஒரு தடவைகூட அசையவில்லை. அம்மாவையும் கேட்கவைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஆமா, இது சும்னேதான் உக்காந்திருக்கு" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னபிறகுதான் அதை உருவினேன். ஸ்டெப்னியை மாட்டிப் போட்டதும் கார்டு சிவப்பைக் காட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. புது டிஸ்க்குக்குக் கணக்கைக் கழித்துக் கழித்து எழுத ஆரம்பித்தது.

அது முடியப் பகலெல்லாம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு டிஸ்க் மண்டையைப் போட்டால் எல்லாம் வீண். அம்மா அன்றைக்கு மிக்ஸி போடவில்லை, கரண்ட் ஆடும் என்று. அம்மியில்தான் சட்னி அரைத்தாள். அலமாரி அதிரும் என்று நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் பூனை நடை நடந்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பீப் நின்றது. ஒரு புத்தகம், ஒரு பாடம், ஒரு வரிகூடப் போகவில்லை.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். சந்தனத்தையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு, "இரு குரு, இரு. ஸ்க்ரூ டிரைவர எங்க வெச்சே? எப்பிடி ஓட்டி நிறுத்தினே? திருப்பிச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், பத்தாங்கிளாஸ்காரன் சொல்வதைக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். மறுநாளே அவர் போனில் வழி சொல்லச் சொல்ல, நான்கு டிஸ்க்குக்கும் நம்பரை ஸ்க்ரீனில் பார்த்துப் பார்த்து, பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். இன்றுவரை அழியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராப் பெண் வந்து சி.டி.க்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுலயும் பொட்டு இருக்கா?" என்று விரலால் தடவிப் பார்த்தாள். பரீட்சையை எழுதினாள்.

ரிசல்ட் வந்த அன்று நான் கம்பெனியில் இருந்தேன். அம்மா பதிவு நேரத்தில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள். அவளைப் பிடிக்க முடியாமல் அந்தப் பெண் கம்பெனி நம்பரைத் தேடி எடுத்து, எங்கள் ஆபரேட்டரிடம் ஆபரேட்டர் பாஷையிலேயே பேசி என்னைக் கூப்பிடவைத்திருக்கிறாள். ஸ்பீக்கரில் என் பெயரைச் சொன்னதும் வீட்டில் என்னமோ என்று கிரீஸ் கையோடு ஓடினேன்.

"அண்ணா, ஐம்பத்தெட்டு!"

"ஐம்பத்தெட்டா!" என்று நான் கத்தியதில் மிஷின் ஷாப்பே திரும்பிப் பார்த்தது. "யாருக்குப்பா? உம் பொண்ணு இன்னும் சின்னதுதானே?" என்றார் ஃபோர்மேன். "எங்க வீட்டுப் பாடத்துக்கு சார்" என்றேன். அவருக்குப் புரியவைக்கக் கணக்கு, கூட்டல், சந்தனம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டார். நேரமாகிறது என்று சொல்லவில்லை.

கம்பெனி பஸ்ஸில் ஓசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்து, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்று, "பாஸாயிடுச்சா, பாஸாயிடுச்சா" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலாவது பாடத்த நான் கொஞ்சம் வேகமாப் படிச்சிட்டேங்க. இல்லேன்னா அறுபது தாண்டியிருக்கும்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, அந்த நாலாவது பாடத்தை முதல் வரியிலிருந்து நிதானமாக மறுபடி படித்தாள். அந்தப் பேப்பரை அடுத்து எழுத வருகிறவருக்காக. அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.